மேலே போன பத்திரம், கீழே வந்த சீட்டு



ஒருவர் தம் உடைமையில் ஒரு பங்கைத் தம் கையிலிருந்து விடுவித்து, இன்ன காரியத்துக்கு, இன்னாருக்கு என்று எழுதி வைப்பதைத்தான் அறக்கட்டளை என்கிறோம். எழுதி வைத்த அன்றே அது அவருடைய சொத்து என்ற நிலை போய்விடுகிறது. யாருக்காக எழுதினாரோ அவர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது பின்னால் வருகிறவர்களின் பொறுப்பு. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளும் அப்படி எழுதப்பட்ட ஒரு சொத்தைப் பற்றியது. சொத்து நிலம். இடம், இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியா. காலம் 1815, 1816.

அங்கே தனியாருக்குச் சொந்தமாக இருந்த நிலங்கள் பிரிட்டிஷ் முடியரசின் பெயருக்கு மாற்றப்பட்டன. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி வந்த கறுப்பின மக்களைக் குடியமர்த்துவதுதான் நோக்கம். அந்த மக்களும் வந்தார்கள், காட்டை வெட்டினார்கள், குடிசை போட்டார்கள், பிள்ளை பெற்றார்கள், அங்கேயே செத்தும் போனார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரர்களின் பிள்ளைகள் இன்றும் அதே மண்ணில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருடைய கையில் அந்த நிலத்துக்கான பத்திரம் இல்லாமலே இருநூறு ஆண்டுகள் கழிந்தன. இது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

1812இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் செசபீக் விரிகுடாவுக்குள் நுழைந்தன. விரிகுடாவின் இரு கரைகளிலும் வர்ஜீனியா, மேரிலாண்ட் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் உழைத்த அடிமைகள் இருட்டிய பிறகு கிடைத்த தோணியில் ஏறிக் கப்பல்களை நோக்கித் துடுப்புப் போட்டார்கள். தனியாக வந்தவர்களும் உண்டு. கைக்குழந்தையோடு, தாய் தகப்பனோடு குடும்பமாக வந்தவர்களும் உண்டு. 1814 ஏப்ரல் 2ஆம் நாள் வைஸ் அட்மிரல் அலெக்சாண்டர் காக்ரேன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அமெரிக்காவை விட்டு வெளியேற விரும்புகிறவர்கள் குடும்பத்தோடு பிரிட்டிஷ் கப்பல்களுக்கு வரலாம். வந்தவர்கள் படையில் சேரலாம், அல்லது வட அமெரிக்காவிலோ மேற்கிந்தியத் தீவுகளிலோ உள்ள பிரிட்டிஷ் பகுதிகளுக்குச் சுதந்திரக் குடியேறிகளாகப் போகலாம், அங்கே அவர்களுக்குத் தக்க ஆதரவு கிடைக்கும் என்பது அதன் சாரம். அடிமை என்ற சொல்லே அந்த அறிவிப்பில் இல்லை. ஆனாலும் யாரை அழைக்கிறார்கள் என்பது தோட்டங்களில் இருந்த ஒவ்வொருவருக்கும் புரிந்தது.

'சுதந்திரக் குடியேறி' என்ற சொல்லைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வட அமெரிக்காவில் குடியேறி என்றால் நிலம் பெறுகிறவர் என்றே பொருள். அந்த அழைப்பைக் கேட்டு வந்தவர்கள் அதை அப்படித்தான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

போர் முடிவதற்குள் நாலாயிரம் பேர் அளவில் தப்பி வந்தார்கள். அவர்களில் சுமார் 2,000 பேர் நோவா ஸ்கோஷியாவின் தலைநகரான ஹாலிஃபாக்ஸில் இறங்கினார்கள். முதலில் அவர்களை மெல்வில் தீவில் வைத்தார்கள். அதுவரை போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்த சிறை அது. பெரியம்மை பரவி அங்கே செத்தவர்களை அருகிலேயே டெட்மேன்ஸ் ஐலண்ட் என்ற இடத்தில் புதைத்தார்கள். மாகாணச் சட்டமன்றம் 1815இலேயே, கறுப்பர்கள் இனி வரவேண்டாம் என்று தீர்மானம் போட்டது. வந்தவர்களை என்ன செய்வது என்பது ஆளுநர் ஷெர்ப்ரூக் முன் நின்ற கேள்வி. லண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்த பாதர்ஸ்ட் பிரபுவின் சம்மதத்தோடு அவர்களுக்கு நிலம் தருவது என்று முடிவாயிற்று.

நிலம் எங்கே இருந்தது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சட்ட நுணுக்கம் என்று நாம் தாண்டிப் போய்விடுகிற இடத்தில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது.

அந்த மண் முதலில் மிக்மாக் மக்களுடையது. அவர்கள் பிரிட்டனோடு செய்துகொண்ட சமாதான, நட்பு உடன்படிக்கைகள் எதிலும் நிலத்தை விட்டுக்கொடுத்ததாக ஒரு வரி இல்லை. ஆனால் பிரிட்டிஷ் சட்டத்தின் கண்ணில் எல்லா நிலமும் மன்னருடையது. மன்னர் பெயரில் ஆளுநர் ஒருவருக்கு நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுப்பார். அதற்கு கிராண்ட் என்று பெயர். முத்திரையிட்ட பத்திரம், எல்லை விவரம், பதிவு எல்லாம் அதில் அடங்கும். அப்படிப் பெற்றவருக்கு நிபந்தனைகளும் உண்டு: இவ்வளவு காலத்துக்குள் இவ்வளவு நிலத்தைத் திருத்த வேண்டும், இவ்வளவு வரி கட்ட வேண்டும். நிபந்தனையை மீறினால் விசாரணை நடத்தி நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளரே மனமொப்பி அரசுக்குத் திரும்ப எழுதிக் கொடுப்பது இன்னொரு வழி. இரண்டிலும் கடைசியில் நிலம் முடியரசின் பெயருக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் வேறொருவருக்கு எழுதித் தர முடியும்.

இந்த இயந்திரம் 1812 போரில் தப்பி வந்த அகதிகளுக்காகப் புதிதாகச் செய்யப்பட்டதல்ல. 1783இல் அமெரிக்கப் புரட்சிப் போர் முடிந்து, மன்னருக்கு விசுவாசமாக இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்தபோது, பழைய பெரிய தானங்களையெல்லாம் இதே வழியில் மீட்டெடுத்து அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கர், குடும்பத்தில் மற்ற ஒவ்வொருவருக்கும் 50 ஏக்கர் என்பது அன்றைய கணக்கு. கையில் பத்திரமும் கொடுத்தார்கள். அதே விசுவாசத்துக்காக வந்த கறுப்பின மக்கள் காத்திருந்து காத்திருந்து சலித்தார்கள். பலருக்கு நிலமே கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்குச் சிறு துண்டு. தாமஸ் பீட்டர்ஸ் என்ற கறுப்பினச் சார்ஜெண்ட் இந்த முறையீட்டைச் சொல்ல லண்டனுக்கே போனார். 1792 ஜனவரியில் ஏறக்குறைய 1,200 பேர் 15 கப்பல்களில் ஏறி சியரா லியோனுக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

அன்று அப்படித் தானமாகக் கொடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று பிரெஸ்டன். ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், டார்ட்மத் ஊருக்கு அப்பால் இருக்கிறது அது. 1784இல் அந்த ஊருக்கான நிலம் தியோபிலஸ் சேம்பர்லினுக்கும் அவரோடு சேர்ந்த பலருக்கும் தானமாக எழுதப்பட்டது. சேம்பர்லின் மாசசூசெட்ஸில் பிறந்தவர், மதபோதகராக இருந்து பிறகு நில அளவையர் ஆனவர். பிரெஸ்டனில் முதல் அளவைச் சங்கிலியை இழுத்துப் போட்டவர் அவர்தான். நிலம் பெற்றவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே கல்லையும் குளிரையும் பார்த்துவிட்டு வெளியேறினார்கள். 1796இல் ஜமைக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்ட மரூன் மக்கள், அதாவது அடிமைத்தளையிலிருந்து தப்பித் தனியே வாழ்ந்தவர்களின் வழிவந்தவர்கள், ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஜமைக்கா அரசின் பணத்தில் அவர்களுக்காக நிலம் வாங்கப்பட்டது. அவர்களும் 1800இல் சியரா லியோனுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் கொஞ்ச காலம் மேற்பார்வை பார்த்ததும் சேம்பர்லின்தான்.

1815இல் அகதிகளுக்கு இடம் தேடியபோது அரசின் கண் மறுபடி பிரெஸ்டன் மேல் விழுந்தது. ஆனால் அங்கே நிலங்கள் இன்னும் தனியார் பெயர்களில் கிடந்தன. ஆள் இல்லை, பத்திரம் இருந்தது. ஆகவே அந்தப் பங்குகள் முடியரசுக்கு முறையாக எழுதி வாங்கப்பட்டன. யார் கொடுத்தது, எந்த எல்லை, எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் காகிதத்தில் ஏறியது. வெளியேறி எங்கோ வாழ்ந்த ஒருவருடைய தரிசு நிலத்தைக்கூட அவருடைய உரிமையை மதிக்காமல் அரசு தொடவில்லை. சட்டம் அந்த அளவுக்குக் கவனமாக இருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நிலம் கை மாறும்போது எப்படி மாறவேண்டுமோ அப்படித்தான் அது மேலே போயிற்று.

கீழே எப்படி வந்தது என்று பார்ப்போம். சேம்பர்லின் அப்போது 78 வயதுக் கிழவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் அளந்த அதே மண்ணை மறுபடி அளந்து, குடும்பத்துக்கு 10 ஏக்கர் என்ற துண்டுகளாகப் பிரித்தார். அங்கே தொள்ளாயிரம் பேருக்கு மேல் குடியேறினார்கள். நகரின் இன்னொரு பக்கம் ஹாமண்ட்ஸ் பிளெயின்ஸில் ஐந்நூறு பேர் அளவில் குடியேறினார்கள். பீச் ஹில் என்ற இடத்தில் இன்னும் சிலர். அவர்களுக்கு அரசு கொடுத்தது பத்திரம் இல்லை. குடியிருக்க அனுமதிக்கும் உரிமம் மட்டும்தான். இருப்பிடச் சீட்டு என்றும் அதைச் சொன்னார்கள். இந்த இடத்தில் நீ இருக்கலாம் என்று அந்தச் சீட்டு சொன்னது. இது உன்னுடையது என்று அது சொல்லவில்லை.

நம் ஊரில் வீட்டுமனை வாங்கும் எவரும் முதலில் தாய்ப்பத்திரத்தைத்தான் கேட்பார்கள். பிரெஸ்டன் நிலத்தின் தாய்ப்பத்திரம் சங்கிலித் தொடராக வந்து முடியரசிடம் நின்றுவிடுகிறது. அங்கிருந்து அகதியின் கைக்கு வரவேண்டிய கண்ணியை அரசு அப்போது கோர்க்கவே இல்லை.

இதன் விளைவுகளை ஒன்றொன்றாக நினைத்துப் பாருங்கள். உரிமத்தை வைத்திருப்பவர் நிலத்தை விற்க முடியாது. அடகு வைத்து விதை வாங்க முடியாது. சொந்த நிலம் உள்ளவருக்கே வாக்குரிமை என்றிருந்த அந்தக் காலத்தில் ஓட்டுப் போடவும் வழி இல்லை. நிலமும் பாறை, மேலே மெல்லிய மண். அப்படிப்பட்ட மண்ணில் 10 ஏக்கரை வைத்துக்கொண்டு விளைச்சலும் எடுத்து, நோவா ஸ்கோஷியாவின் குளிர்காலத்துக்கு விறகும் வெட்டிக்கொள்வது நடக்காத காரியம். அவர்கள் காலூன்றிய முதல் ஆண்டே 1816. தம்போரா எரிமலை வெடித்ததன் பின்விளைவாகக் கோடையே வராமல் போன ஆண்டு என்று உலக வரலாற்றில் பெயர் பெற்றது அது. போர் முடிந்த மந்தத்தில் நகரத்திலும் கூலி வேலை குறைந்திருந்தது.

அரசு கொடுத்த உணவுப் பொருளை வைத்து அவர்கள் உயிர் தாங்கினார்கள். அந்தச் செலவைப் பார்த்து எரிச்சல்பட்டவர் அப்போது ஆளுநராக வந்திருந்த டல்ஹௌசி பிரபு. அடிமையாக வளர்ந்தவர்களுக்கு உழைத்துப் பிழைக்கத் தெரியாது என்பது அவர் எண்ணம். அவர்களைப் பழைய எஜமானர்களிடமே திருப்பி அனுப்பலாம், அல்லது சியரா லியோனுக்கு அனுப்பலாம் என்று லண்டனுக்கு எழுதினார். பத்து ஏக்கர் பாறையையும் ஒரு சீட்டையும் கொடுத்துவிட்டு, விளையவில்லையே என்று குற்றம் சொன்னார் அவர். இன்று அவர் பெயரால் விளங்கும் பல்கலைக்கழகமே ஓர் அறிஞர் குழுவை அமைத்து, அடிமை முறை, இனம் பற்றி அவர் கொண்டிருந்த நிலையை ஆராய்ந்து, 2019இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது. ஒரு நிறுவனம் தன் பெயருக்குரியவரையே விசாரணைக்கு உட்படுத்தியதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அரசு செய்த ஏற்பாட்டின்படி 1821இல் 95 பேர் டிரினிடாட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் எவ்வளவு சொல்லியும் மறுத்துவிட்டார்கள். அடிமை முறை இன்னும் இருந்த தீவுக்குக் கப்பல் ஏற எவருக்குத்தான் மனம் வரும்? வேறொரு காரணமும் உண்டு. இவர்களில் வெறுங்கையோடு உறவைத் தேடி வந்தவர்களும் இருந்தார்கள். ரிச்சர்ட் பிரெஸ்டன் என்ற இளைஞர் வர்ஜீனியாவிலிருந்து தப்பி, தமக்கு முன்னே போய்விட்ட தாயைத் தேடி 1816இல் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்தார். ஊர் ஊராகத் தேடி, பிரெஸ்டனில் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட, திறந்தவர் அவருடைய தாயே என்றும், மகன் முகத்திலிருந்த தழும்பைக் கண்டு அடையாளம் தெரிந்துகொண்டார் என்றும் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். பின்னாளில் அவர் லண்டனில் குருப்பட்டம் பெற்று வந்து, 1854இல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் சங்கத்தை நிறுவினார். தாயைத் திரும்பக் கிடைக்கச் செய்த மண்ணை அரசு எப்படி மதிப்பிட்டாலும் அவர்கள் விட்டுப் போகத் தயாராக இல்லை.

அதனால் அவர்கள் கேட்டது வேறொன்று. 1841இல் பிரெஸ்டன் மக்கள் அரசுக்கு ஒரு மனு எழுதினார்கள். நாங்கள் சீட்டின் பேரில் நிலத்தை வைத்திருப்பதால் நியாயமான விலைக்கு விற்க முடியவில்லை, அந்த நிலத்தில் பிழைக்கவும் முடியவில்லை, ஆனால் அதோடு கட்டுண்டு கிடக்கிறோம் என்பது அந்த மனுவின் கருத்து. சட்டம் படிக்காத மக்கள், தங்கள் நோய் பயிரில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது என்று கண்டு சொன்ன மனு அது. இந்தப் பொருளைப் பற்றி ஹார்வி அமானி விட்ஃபீல்ட் முதலிய வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவற்றையெல்லாம் படித்த பிறகும் அந்த மனுவைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு, 1842இல், பிரெஸ்டனுக்குத் தானப் பத்திரம் வந்தது. குடியேறிய நாளிலிருந்து ஏறத்தாழ 27 ஆண்டுகள். முதலில் மரம் வெட்டியவர்களில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள்? சேம்பர்லினும் 1824இலேயே காலமாகிவிட்டார்.

இதே காலத்தில் இன்னொரு கணக்கு எவ்வளவு வேகமாகத் தீர்க்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தப்பிப்போன அடிமைகள் எங்கள் சொத்து, அதற்கு நஷ்டஈடு தாருங்கள் என்று அமெரிக்கத் தோட்ட முதலாளிகள் கேட்டார்கள். ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் நடுவராக இருந்து 1822இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 1826இல் பிரிட்டன் 12,04,960 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. மனிதரை இழந்ததாகச் சொன்ன எஜமானருக்குப் பணம் கிடைத்தபோது, அந்த மனிதருடைய கையில் பத்து ஏக்கருக்கான பத்திரம்கூட இல்லை. இந்த இரண்டு ஆண்டுகளையும், 1826ஐயும் 1842ஐயும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாள் முதல் என் மனம் ஆறவில்லை.

1842ஓடு கதை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 27 ஆண்டுக் குழப்பம் அதற்குள் வேர்விட்டிருந்தது. சீட்டு யார் பெயரில் இருந்ததோ அவர் இறந்திருப்பார். நிலத்தை மகள் உழுதுகொண்டிருப்பாள். மருமகன் பக்கத்துத் துண்டில் வீடு கட்டியிருப்பான். வக்கீலுக்கும் சர்வேயருக்கும் கொடுக்கப் பணம் இல்லாததால், பாகப் பிரிவினை எல்லாம் வாய்ச் சொல்லிலேயே நடந்தது. எல்லோருக்கும் எல்லோருடைய எல்லையும் தெரியும். பதிவுப் புத்தகத்துக்கு மட்டும் தெரியாது. வேறு பல குடியிருப்புகளிலும் இதே நிலைதான். அந்த மக்கள் கூடை பின்னி, விளக்குமாறு கட்டி, காட்டுப் பழம் பறித்து ஹாலிஃபாக்ஸ் சந்தையில் விற்று வாழ்ந்தார்கள். மேப்பிள் மரத்தைச் சிம்பாகக் கீறிப் பின்னிய அந்தக் கூடைகள் எடித் கிளேட்டன் என்ற கைவினைக் கலைஞரால் நம் காலத்தில் புகழ் பெற்றன. ஆறு தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த கலை. கலை தடையில்லாமல் கைமாறி வந்துவிட்டது.

பத்திரம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆஃப்ரிக்வில்லைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். பிரெஸ்டனிலும் ஹாமண்ட்ஸ் பிளெயின்ஸிலும் பிழைக்க முடியாமல் நகரத்துக்கு அருகில் வந்தவர்கள் உருவாக்கிய ஊர் அது. 1848இல் வில்லியம் பிரவுன், வில்லியம் ஆர்னால்ட் என்ற இரு கறுப்பினத்தவர் அங்கே முறைப்படி நிலம் வாங்கியதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் காலப்போக்கில் வந்து சேர்ந்த பல குடும்பங்களிடம் காகிதம் இல்லை. 1960களில் ஹாலிஃபாக்ஸ் நகராட்சி அந்த ஊரையே இடித்தது. சட்டப்படி உரிமையைக் காட்ட முடியாதவர்களுக்கு 500 டாலர் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களுடைய தேவாலயத்தை 1967இல் ஓர் இரவில் தகர்த்தார்கள். நகரம் மன்னிப்புக் கேட்டது 2010இல்.

நோவா ஸ்கோஷியா அரசு 1963இல் நில உரிமையைத் தெளிவுபடுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. நோக்கம் நல்லது. நடைமுறையில் விண்ணப்பச் செலவு, அளவைச் செலவு, வழக்குச் செலவு எல்லாம் ஏழைகள் தலையில் விழுந்தன. 2016இல் ஆப்பிரிக்க வம்சாவளியினர் பற்றிய ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு கனடாவுக்கு வந்து இதைச் சுட்டிக்காட்டியது. 2017இல் மாகாண அரசு 27 லட்சம் டாலர் ஒதுக்கி, கிழக்கு பிரெஸ்டன், வடக்கு பிரெஸ்டன், செர்ரி புரூக், லிங்கன்வில், சன்னிவில் ஆகிய ஐந்து ஊர்களில் பத்திரம் வழங்கும் பணியைத் தொடங்கியது. அப்போதும் அதிகாரிகள், இருபது ஆண்டுகள் எதிரிடையாக அனுபவித்து வந்ததை நிரூபியுங்கள் என்று விண்ணப்பதாரர்களைக் கேட்டார்கள். எதிரிடை அனுபவம் என்றால், அடுத்தவர் நிலத்தை அவருக்கு எதிராகப் பிடித்து வைத்திருந்ததைக் காட்டி உரிமை கோருவது. தாத்தாவுக்கு அரசு கொடுத்த நிலத்தில் வாழும் பேரன், நான் ஆக்கிரமித்தவன் என்று நிரூபிக்க வேண்டுமாம். வடக்கு பிரெஸ்டனைச் சேர்ந்த ஒருவர் இதை எதிர்த்து வழக்காடினார். 2020 ஜூலையில் மாகாண உச்சநீதிமன்ற நீதிபதி ஜேமி கேம்ப்பெல், அந்த நிபந்தனை நியாயமற்றது என்று தீர்ப்பளித்தார். பல தலைமுறையாக இந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட இனப் பாகுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் இந்தச் சட்டத்தைப் படிக்க முடியாது என்பது அவர் தீர்ப்பின் அடிப்படை.

நண்பர்களே, நான் சட்ட அறிஞன் இல்லை. ஆனாலும் ஒரு கருத்தை அழுத்தமாகச் சொல்லிவிட்டு அமர்கிறேன். தனியார் கையிலிருந்து நிலம் முடியரசுக்குப் போனபோது, அது எதற்காகப் போகிறது என்பது அரசுக்குத் தெரியும், அதற்கென்றேதான் வாங்கப்பட்டது. யாருக்காக வாங்கினார்களோ அவர்களுடைய பெயர்ப் பட்டியலை அரசே எழுதியது. துண்டுகளை அரசின் அளவையரே அளந்தார். சாட்சியம் முழுவதும் அரசின் கையில் இருக்கிறது. ஆகவே அந்த மக்களின் வாரிசுகள் யாரும் இனி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் பத்திரத்தை எழுதி, அரசே தன் செலவில் அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.